இன்னொன்று வையுங்கள்

"தம்பி, பேத்தி வளர்ந்தால் அவள் வாப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்பாள். நிக்காஹ் அன்று நீங்கள் எடுத்த படத்தில்தான் அந்தக் குரல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பிரதி போட்டுத் தர வேண்டும்."

வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்தியபடி அந்த மூதாட்டி இவ்வாறு கேட்டது 2013ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. பாவூர்சத்திரத்துக் கடைவீதியிலும் பூந்தூறல் விழுந்து கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால், இத்தா முடிந்து முதன்முறையாக வெளியே வந்திருந்த மருமகள் தலைகுனிந்து நின்றிருந்தார். அவருடைய இடுப்பில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. எங்கள் ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்த வண்ணப் படங்களை அது விரல் நீட்டிக் காட்டிச் சிரித்துக் கொண்டிருந்தது.

மூதாட்டியின் மகன் அந்த ஆண்டின் தொடக்கத்தில் சவூதியில் நடந்த சாலை விபத்தில் வஃபாத்தாகிவிட்டார். அங்கேயே நல்லடக்கமும் நடந்தது. 2010 தை மாதத்தில் அவருடைய நிக்காஹைப் படம் எடுத்தவன் நான்தான். மணமுடித்த மூன்றாம் மாதம் பயணம் போனவர், இடையில் ஒரே ஒரு முறை விடுப்பில் வந்து குழந்தையைப் பார்த்துச் சென்றார். குழந்தைக்கு அது நினைவில் இருக்க நியாயமில்லை. இன்று போல் கைப்பேசியில் குரலைப் பதிந்து அனுப்பும் பழக்கம் அந்த வீட்டுக்கு அப்போது வந்திருக்கவில்லை. தொலைபேசியில் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. மிஞ்சியது, சபை நடுவே அமர்ந்து அவர் "கபூல்" சொன்ன அந்தச் சில நொடிகள் மட்டுமே.

"இருக்கிறது மாமி. நாளைக்கு வாருங்கள், போட்டு வைக்கிறேன்" என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதை இன்று நினைத்தாலும் உடல் கூசுகிறது. அந்த உறுதிக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் 'ரெய்டு'.

ஒற்றைத் தட்டை நம்பிய காலம்

திருநெல்வேலி தென்காசிச் சாலையில், மர அறுவை ஆலைகளும் காய்கறிச் சந்தையும் இரைந்து கொண்டிருக்கும் எங்கள் ஊரில் 1993ஆம் ஆண்டு நான் ஸ்டுடியோ தொடங்கினேன். பொட்டல்புதூர், கடையநல்லூர், தென்காசி, முதலியார்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் நம்மவர்கள் நிறைந்திருப்பதால் நிக்காஹ் வேலைக்குக் குறைவிருந்ததில்லை. ஆரம்பத்தில் வீடியோ கேசட். பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, வளைகுடாவில் இருக்கும் காக்காவுக்கோ மாமாவுக்கோ ஒன்று என்று பிரதி எடுத்துக் கொடுப்போம். என் அலமாரியிலும் ஒன்று இருக்கும். அது ஓர் ஏற்பாடு என்றுகூட அப்போது எண்ணியதில்லை. அதுதான் வழக்கம்.

கணினி வந்தபின் வழக்கம் மாறியது. சிறிய டேப்பில் எடுத்த படத்தைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில் ஏற்றித் தொகுப்போம். ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் வேண்டும். நான்கு மணி நேர நிக்காஹ் என்றால் 52 கிகாபைட். ஏற்றி முடித்ததும் அந்த டேப்பையே அழித்து அடுத்த நிக்காஹுக்குப் பயன்படுத்துவோம். டேப் வாங்கும் செலவு மிச்சம்! ஆனால் அந்த நொடி முதல் ஒரு குடும்பத்தின் மங்கல நாள் முழுவதும் ஒற்றைத் தட்டில் தொங்கிக் கொண்டிருந்தது.

வன்தட்டு என்பது என்ன? பளபளப்பான வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைத் தொடாமல், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் ஒரு முனை மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல அகலத் தகடுகள் ஐம்பதைக் கொண்ட ஒரு பெரிய அலமாரி. அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்துகள்தாம். இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டில் அதைப்போல் பல லட்சம் மடங்கு அடங்குகிறது. அளவு மாறினாலும் இயல்பு மாறவில்லை. சுழலும் பொருள் ஒருநாள் நின்றே தீரும்.

என்னுடையது 2008இல் நின்றது. கடையைத் திறந்து கணினியை முடுக்கியதும் 'டிக்... டிக்...' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான். தொகுத்து முடிக்காத இரண்டு நிக்காஹ்கள் அதில் இருந்தன. அந்த இரு வீடுகளுக்கும் நடந்து சென்று தலைகுனிந்து நின்றதை விவரிக்க விரும்பவில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நாளைத் திருப்பிக் கொடுக்க எவரால் இயலும்?

ரெய்டு வந்த கதை

பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவில் படித்துக் கொண்டிருந்த என் காக்காவின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சாச்சா, உங்கள் கடையில் உடனே ரெய்டு போட வேண்டும்" என்றான்.

அடுத்த கடை மர வியாபாரி அண்ணாச்சி அப்போது அங்கே தேநீர் அருந்திக் கொண்டிருந்தார். கையிலிருந்த கோப்பை குலுங்க, "ரெய்டா? வருமான வரிக்காரங்களா? நம்ம கடைக்கும் வருவாங்களா தம்பி?" என்று எழுந்துவிட்டார். அவரை அமர வைத்து விளங்கச் செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இந்த ரெய்டு வேறு. அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இப்பெயர் சூட்டப்பட்டது. விலை மலிந்த பல தட்டுகளை ஒன்றாகக் கோத்து, அவற்றில் ஒன்று பழுதானாலும் செய்தி இழக்கப்படாதபடி அமைப்பது என்பதே அதன் பொருள். பெரிய தட்டு ஒன்றை மிகுந்த விலைக்கு வாங்குவதை விடச் சிறிய தட்டுகள் பலவற்றைச் சேர்ப்பது மலிவு, வேகமும் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் ஓர் இடர். ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்குமென்றால், நூறு தட்டுகளைச் சேர்த்த தொகுதியில் 300 மணி நேரத்துக்கு ஒன்று பழுதாகும். அதாவது இரு வாரத்துக்குள் ஒரு சாவு! ஆகவே ஒன்று சாகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கேற்ப எழுதி வைக்க வேண்டும். இதுதான் அந்த மூவர் கண்ட வழி.

அதில் பல வகைகள் உண்டு. ஒரே செய்தியை இரு தட்டுகளில் அப்படியே எழுதுவது ஒன்று. கண்ணாடியும் அதன் எதிரே நிற்கும் உருவமும் போல. இதை ரெய்டு 1 என்பர். செய்தியைத் துண்டுகளாக்கிப் பல தட்டுகளில் பிரித்து எழுதுவது ரெய்டு 0. வேகம் மிகும். ஆனால் ஒன்று போனால் எல்லாமே போய்விடும். பெயரில் சுழியம் இருப்பது பொருத்தம்தான். இணைகளாகப் படியெடுத்து, அந்த இணைகளுக்கிடையே பிரித்து எழுதுவது ரெய்டு 10. நாங்கள் தேர்ந்தது ரெய்டு 5.

அதை என் வீட்டாளுக்கும் புரியும்படி மருமகன் விளக்கினான். "மூன்று சுருக்குப்பைகளில் முறையே 40, 25, 35 ரூபாய் இருக்கின்றன என்று எழுதுங்கள். நான்காவது சீட்டில் மொத்தம் 100 என்று எழுதுங்கள். இரண்டாவது சீட்டை எலி தின்றுவிட்டது. என்ன செய்வீர்கள்?"

"நூற்றிலிருந்து நாற்பதையும் முப்பத்தைந்தையும் கழித்தால் இருபத்தைந்து" என்றாள் என் மனைவி, வெங்காயம் உரித்த கையை நிறுத்தாமலே.

"அவ்வளவுதான் சாச்சி! இரண்டு சீட்டு போனால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது."

உண்மையில் கணினி கூட்டல் கழித்தல் செய்வதில்லை. ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் குறித்து வைக்கிறது. கருத்து இதுவே. அந்த மொத்தக் குறிப்பையும் ஒரே தட்டில் வைக்காமல் நான்கிலும் மாற்றி மாற்றி எழுதுகிறது.

2009இல் திருநெல்வேலியிலிருந்து பழைய சர்வர் கணினி ஒன்றை வாங்கி வந்தோம். அதில் 500 கிகாபைட் தட்டுகள் நான்கு. ஒரு தட்டின் அளவு மொத்தக் கணக்குக்குப் போக, 1,500 கிகாபைட் கிடைத்தது. தட்டுகளை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்க வேண்டாம் என்று மருமகன் தடுத்தான். ஒரே தொகுதியில் தயாரானவை ஒரே காலத்தில் பழுதாகக் கூடுமாம். எந்தத் தட்டு எந்த அறையில் இருக்கிறது என்று எண்ணைச் சீட்டில் எழுதி முகப்பில் ஒட்டினான். பழுதான தட்டு என்று எண்ணி நல்ல தட்டை உருவிவிட்டால் அனைத்தும் முடிந்ததல்லவா! எழுதும்போது பாதியில் மின்சாரம் நின்றால் கணக்கும் மொத்தமும் பொருந்தாமல் போகும் என்பதற்காக ஒரு யு.பி.எஸ். வைத்தோம். செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் பக்கம் மின்சாரம் எப்படி இருக்கும் என்பதை இங்குள்ளோர் அறிவர்.

எல்லாம் முடிந்தபின் ஊருக்குக் கிளம்பும்போது அவன் ஒன்று சொன்னான். "சாச்சா, இது தட்டு சாவதற்கான மருந்துதான். தனியாக ஒரு பிரதி எப்போதும் வேண்டும்." நான் தலையசைத்தேன். காதில் வாங்கிக் கொள்ளவில்லை.

பெருமையும் அலட்சியமும்

2011 ஆடியில் ஒருநாள் சர்வர் 'பீப்... பீப்...' என்று கத்தத் தொடங்கியது. மூன்றாம் தட்டின் விளக்கு சிவந்திருந்தது. ஆனால் படம் ஓடுகிறது. தொகுப்பு வேலை நிற்கவில்லை! மறுநாள் புதுத் தட்டைச் செருகினேன். மற்ற மூன்றையும் படித்து, இழந்ததைக் கணக்கிட்டு, புதியதில் எழுதி முடிக்க இரவு முழுவதும் ஆயிற்று. சுபுஹுக்கு எழுந்து பார்த்தபோது நான்கு விளக்குகளும் பச்சை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

நன்றி சொன்ன நாவோடு உள்ளத்தில் ஒரு செருக்கும் நுழைந்தது. இனி என்னிடமிருந்து எதுவும் தொலையாது என்று நினைத்தேன். அலமாரியில் கடைப் பிரதியாக அடுக்கி வைத்திருந்த டி.வி.டி.களைச் சாரல் ஈரத்தில் பூசணம் பிடிக்கிறதென்று அப்புறப்படுத்தினேன். புதிதாகப் பிரதி போடுவதையும் நிறுத்தினேன். சர்வர் இருக்கிறதே!

அடுத்த ஆண்டு சர்வர் நிறைந்துவிட்டது. ரமளானுக்குப் பின் நிக்காஹ்கள் வரிசையாக நின்றன. இடம் வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் அவசர அவசரமாகப் பழையவற்றைக் களைந்தேன். 'தை 2010' என்று ஒரு கோப்புறை. 'தை 2010 புதியது' என்று இன்னொன்று. முன்னது பழைய பிரதி, பின்னது திருத்திய பிரதி என்று எண்ணி, திறந்து பாராமலே முன்னதை அழித்தேன். கேபிள் வழியாக இன்னொரு கணினியிலிருந்து அழித்ததால் அது குப்பைத் தொட்டிக்கும் போகவில்லை. ஒரே நொடியில் நான்கு தட்டுகளிலிருந்தும் மறைந்தது. அதை நான் அறியவே இல்லை.

'புதியது' என்ற பெயரில் இருந்தவை தலைப்பு அட்டைகளும் சோதனைக்குத் தொகுத்த சில நிமிடங்களும் மட்டுமே. இதை ஓராண்டு கழித்து, மூதாட்டி வந்து சென்ற அன்றிரவுதான் கண்டுகொண்டேன்.

அந்த இரவு

பெங்களூரில் வேலையில் சேர்ந்திருந்த மருமகனைத் தொலைபேசியில் எழுப்பினேன். "இனி எதையும் அதில் எழுதாதீர்கள் சாச்சா" என்பதே அவனது முதல் சொல். அழிக்கப்பட்ட கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வாய்ப்புண்டு. ஆனால் ஓராண்டாக அந்த இடத்தின் மீது நான் எத்தனையோ நிக்காஹ்களை எழுதிவிட்டேன். மீட்கும் மென்பொருளை ஓட்டி விடிய விடியக் காத்திருந்ததில் கிடைத்தவை உடைந்த துண்டுகள். எதுவும் ஓடவில்லை.

"ரெய்டு நீங்கள் எழுதுவதைத்தான் காக்கும். நீங்கள் அழித்தால் அழிப்பதையும் அதே நேர்மையோடு நான்கு தட்டுகளிலும் செய்து முடிக்கும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது" என்றான் மருமகன். அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லிக் காட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். ஏதேனும் காரணம் சொல்லித் தப்பியிருக்கலாம். இயந்திரம் கெட்டுவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இயந்திரம் கெடவில்லை. "மாமி, என் கை தவறிவிட்டது. நான்தான் அழித்தேன்" என்றேன்.

மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அல்லாஹ் நாடியது அவ்வளவுதான் தம்பி" என்றார். மருமகள் குழந்தையின் தலைமுடியைக் கோதிக் கொண்டிருந்தார். ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

இறைநாட்டத்தைச் சொல்லி மன்னிப்பது பறிகொடுத்தவரின் பெருந்தன்மை. பறித்தவன் அதையே சாக்காகக் கொள்ளலாமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். நான் ஒட்டகத்தைக் கட்டவில்லை. கட்டியதாக நினைத்துக் கொண்டேன்.

அன்றே தேடத் தொடங்கினேன். 2010இல் இரு வீட்டாருக்கும் இரண்டிரண்டு டி.வி.டி.களாகக் கொடுத்திருந்தேன். முதல் தட்டில் நிக்காஹ், இரண்டாவதில் விருந்து. பெண் வீட்டுப் பிரதிகளைப் பிள்ளைகள் விளையாடிக் கீறிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்த முதல் தட்டை அவரே பயணத்தில் எடுத்துச் சென்றிருந்தார். தனிமையில் போட்டுப் பார்த்திருப்பார் போலும்! அவருடைய உடைமைகள் ஒரு பையில் திரும்பி வந்தபோது அதில் அந்தத் தட்டு இல்லை. எஞ்சியது, தொலைக்காட்சி மேசையின் இழுப்பறையில் கிடந்த விருந்துத் தட்டு ஒன்றே.

அதைத் துடைத்து ஓட விட்டேன். நாற்பது நிமிடங்கள் வரை சோறும் கறியும் பரிமாறும் காட்சி, பாத்திரங்களின் ஓசை, பிள்ளைகளின் கூச்சல். பிறகு புதுமாப்பிள்ளை பந்திக்கு இடையே வருகிறார். முதியவர் ஒருவரின் தோளைத் தொட்டுவிட்டு, பரிமாறுபவரிடம் சிரித்தபடி சொல்கிறார்: "மாமாவுக்கு இன்னொண்ணு வைங்க."

அவ்வளவுதான். நான்கே நொடி. மூதாட்டி அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். குழந்தை திரையைத் தொட்டுப் பார்த்தது. "கபூல்" கிடைக்கவே இல்லை. அவர் கையெழுத்து பெண் வீட்டு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் இருக்கிறது. குரலாக இருப்பது இந்த மூன்று சொற்களே.

மூன்று பிரதிகள்

அன்று முதல் என் வழக்கம் மாறிவிட்டது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு. மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரு வேறு வகைப் பொருள்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரே சொன்னதை நான் பட்டபின்பே படித்தேன்.

யோசித்துப் பார்த்தால் நம் வரலாறு இதை நமக்கு முன்பே காட்டியிருக்கிறது. யமாமா போரில் திருக்குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் யோசனையை ஏற்று அபூபக்கர் (ரலி) அவர்கள் அதை ஏடுகளில் ஒன்று திரட்டச் செய்தார்கள். ஜைத் பின் தாபித் (ரலி) அவர்கள் அப்பணியை ஏற்றார்கள். அந்த ஏடு பின்னர் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அதைப் படியெடுக்கச் செய்து வெவ்வேறு பட்டணங்களுக்கு அனுப்பினார்கள். நெஞ்சங்களிலும் ஏடுகளிலும், ஓரூரிலும் பல ஊர்களிலும்! என் அற்பத் தொழிலை அதனோடு ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. பாடம் கற்கத் தடையில்லையே.

ஒரே கூரையின் கீழ் எத்தனை பிரதி இருந்தாலும் அது ஒரு பிரதிதான் என்பதை அண்மைக் காலம் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் ஆல்பத்தையும் தட்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தகவல் மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த கிடங்கு முற்றாக எரிந்தது. அளவில் மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே பிரதி வைக்கப்படவில்லை. அழிந்தது 858 டெராபைட். அத்தனை வசதி படைத்த அரசுக்கே இந்நிலை!

ரெய்டு வீண் என்று நான் சொல்லவில்லை. என் கடையில் இன்றும் இருக்கிறது. தட்டு பழுதான நாளிலும் வேலை நிற்காதிருக்க அது வேண்டும். ஆனால் காலத்துக்கேற்ப மாற்றியிருக்கிறேன். சாதாரணத் தட்டுகளில் நூறு லட்சம் கோடி பிட்டுகளைப் படிப்பதற்குள் படிக்க இயலாத பிழை ஒன்று நேரலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகின்றனர். அது ஏறத்தாழ 12.5 டெராபைட். ஒரு தட்டு பழுதாகி மற்றவை அனைத்தையும் முழுவதும் படிக்க வேண்டிய வேளையில், பெரிய தட்டுகளில் அந்த எல்லை அருகே வந்துவிடுகிறது. ஆகவே பெரிய தட்டுகளுக்கு ரெய்டு 5 போதாது. இரண்டு தட்டுகள் போனாலும் தாங்கும் ரெய்டு 6, அல்லது நேர்ப்படி வைக்கும் ரெய்டு 1 நல்லது. என்னிடம் இப்போது இருப்பது 8 டெராபைட் தட்டுகள் இரண்டு, நேர்ப்படியாக. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும்படி சர்வரைப் பணித்திருக்கிறேன்.

அது தவிர, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றி வைக்கும் தனித் தட்டு ஒன்று. கழற்றி வைத்த தட்டில் என் கைத்தவறும் நுழையாது, வைரஸும் நுழையாது. மூன்றாவது, கடையநல்லூரில் என் தங்கை வீட்டுப் பீரோவில். மாதத்தின் முதல் ஜும்ஆ அன்று புதிய தட்டைக் கொடுத்து, பழையதை வாங்கி வருவேன். "மச்சான் தட்டு மாற்ற வந்துவிட்டார், சோறு போடு" என்று தங்கையின் கணவர் கேலி செய்வார். அந்தச் சோற்றுக்காகவாவது தவறாமல் போய்விடுகிறேன்.

இன்னொன்றும் செய்கிறேன். வாங்கி வந்த தட்டில் ஏதாவது ஒரு படத்தைத் திறந்து ஓட்டிப் பார்க்கிறேன். திறந்து பார்க்காத பிரதி, இருக்கிறது என்ற நம்பிக்கையே தவிரப் பிரதி அன்று. 'தை 2010 புதியது' எனக்குக் கற்பித்தது அதுதான்.

உங்கள் வீட்டில்

சர்வர் எங்கள் வீட்டில் ஏது என்று சகோதரிகள் எண்ண வேண்டாம். உங்கள் கைப்பேசியில்தான் இன்று எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய குரல், உம்மா கடைசியாகச் சொன்ன துஆ, பேரன் முதலடி வைத்தது. 'அதெல்லாம் கூகுளில் ஏறிவிடுகிறது' என்று பிள்ளைகள் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் கைப்பேசியோடு இணைந்தே இயங்கும் கிடங்கில், இங்கே அழித்தால் அங்கும் அழியும். என் நான்கு தட்டுகளின் கதைதான் அது! அழிந்ததைச் சில நாள்கள் வரை குப்பைத் தொட்டியிலிருந்து எடுக்கலாம், பிறகு இல்லை.

ஆகவே பெறுமதியானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு தனித் தட்டிலோ பென் டிரைவிலோ ஏற்றுங்கள். இன்னொன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். எது எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, பெருநாள் விடுமுறையில், குடும்பமாக அமர்ந்து திறந்து பாருங்கள். பார்த்த மாதிரியும் இருக்கும், சரிபார்த்த மாதிரியும் இருக்கும்.

அந்தக் குழந்தை இப்போது மேல்நிலைப் பள்ளி மாணவி. சென்ற ஆண்டு வாப்பும்மாவோடு கடைக்கு வந்திருந்தாள். புதுக் கைப்பேசி வாங்கியிருக்கிறாளாம். பழையதிலிருந்து அந்த நான்கு நொடிகளை மாற்றித் தரச் சொன்னாள். மாற்றிக் கொடுத்தேன். என்னிடமும் இருக்கிறது, கடையநல்லூரிலும் இருக்கிறது என்றேன்.

"மாமா, எதற்கும் இந்தப் பென் டிரைவிலும் இன்னொன்று வையுங்கள்" என்றாள்.

வைத்துக் கொடுத்தேன்.